சூ 2 வாங்கலாமா, சால்நோட்ஸ் ஜீரோவா? சென்னை வியர்வைக்கு எது தாங்கும்?

மாம்பலம்வாசி:
காதுக்குள் செருகும் வயர் இயர்போன் ஒன்று வாங்க வேண்டும்: மூன்ட்ராப் சூ 2, அல்லது சால்நோட்ஸ் ஜீரோ. இரண்டிலும் ஒலியெழுப்பும் 10 மி.மீ. டைனமிக் டிரைவர் ஒன்றுதான், இரண்டிலும் கேபிளைக் கழற்றலாம். கேட்பது பெரும்பாலும் கச்சேரி ரெக்கார்டிங். தாம்பரம் – பீச் மின்சார ரயிலில் தினமும் பயன்படும். எதை வைத்து ஒப்பிடுவது?

தொப்பிநாதம்:
முதலில் சத்தத்தைச் சமப்படுத்துங்கள். 1 டெசிபல் கூடினாலே அதுதான் நல்ல இயர்போன் என்று காது சொல்லிவிடும். ஒரே வால்யூமில் சூ 2 சத்தமாகக் கேட்கும். 1 கிலோஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, மாற்றி மாற்றிப் போட்டு இரண்டும் ஒரே அளவாகக் கேட்கும் வரை வால்யூமைத் திருத்தவும். இரண்டிலும் ஒரே டிப் (காதை அடைக்கும் மெத்தென்ற முனை) போடுங்கள்.

பிறகு மிருதங்கம் தனியாக வாசிக்கும் ஒரு தனி ஆவர்த்தனம். தொப்பியின் (மிருதங்கத்தின் இடப்பக்கம்) கும்கி என்ற அடிநாதம் வழுக்கிக்கொண்டு ஏறுவது முழுசாகக் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் டிரைவரைக் குறை சொல்லாதீர்கள், டிப் காதை அடைக்கவில்லை. ஒரு சைஸ் பெரிதாகப் போடுங்கள். அடுத்து தம்புரா. தந்திக்கடியில் வைக்கும் நூலான ஜீவாவின் ரீங்காரம் தெரிய வேண்டும், ஆனால் சீறக் கூடாது. பாடகரின் ‘ஸ’ குத்தினால் 6–8 கிலோஹெர்ட்ஸில் மேடு இருக்கிறது, அதாவது அந்த உயர் ஒலி தூக்கலாக வருகிறது என்று அர்த்தம். டிப்பைச் சற்று ஆழமாகச் செருகினால் காதுக்குள் எழும் ஒத்ததிர்வு மேலே நகரும், குத்தல் பல நேரம் குறையும்.

சூ 2-இல் பேஸ் கூடுதல். ஜீரோ குரலுக்கும் வயலினுக்கும் நேர்மையானது. கச்சேரிக்கு என் ஓட்டு ஜீரோவுக்கு.

ஈயப்பற்று:
சத்தத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். இந்த ஊரில் பாதி இயர்போன் ‘ஒரு பக்கம் மெதுவாகக் கேட்கிறது’ என்றுதான் மூலைக்குப் போகிறது. அதில் டிரைவர் செத்தது கொஞ்சம்தான். கேபிளை இடம் வலமாக மாற்றிச் செருகிப் பாருங்கள். கோளாறு மறு காதுக்குத் தாவினால் கேபிள். அதே பக்க இயர்போனில் நின்றால் பெரும்பாலும் மூக்கிலுள்ள (டிப் மாட்டும் குழாய்) வலையில் அழுக்கோ ஈரமோ அடைத்திருக்கிறது.

இங்கேதான் சூ 2 ஜெயிக்கிறது. அதன் மூக்கு மரையோடு கழன்று வரும், வலையை மாற்றுவது இரண்டு நிமிட வேலை. ஜீரோவில் ஒட்டிய வலையை ஊசியால் நெம்பி எடுத்துப் புதிது ஒட்ட வேண்டும். வலை வழியாக ஸ்பிரிட் ஊற்றவே ஊற்றாதீர்கள், டிரைவரில் அதிரும் மெல்லிய சவ்வான டயாஃபிரம் போய்விடும். உடலில் இருக்கும் காற்றுத் துளையும் அடைபடக் கூடாது, அடைத்தால் பேஸ் மாறும், இரு காதும் ஒத்துப்போகாது. இரவில் சிலிக்கா ஜெல் பையோடு டப்பாவில் மூடி வைத்தால் போதும். ஹேர் டிரையர் வேண்டாம்.

கேபிள் பச்சையாவது செம்பு களிம்பேறுவதால், சத்தம் மாறாது. இயர்போனில் செருகும் கேபிள் முனையின் பின்னில் களிம்பு பிடித்தால்தான் கரகரக்கும், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். ரிச்சி தெருவில் மாற்றுக் கேபிள் வாங்கும்போது பின்னின் தடிமன் 0.78 மி.மீ. என்று எண்ணைச் சொல்லியே கேளுங்கள். 0.75 பின் தொளதொளவென்று ஆடும்.

மாம்பலம்வாசி:
ரயில் இரைச்சலுக்கு ஃபோம் (பஞ்சு போன்ற) டிப் போடலாமா?

தொப்பிநாதம்:
அடைப்பு நன்றாக இருக்கும், வால்யூமை ஏற்ற வேண்டியிருக்காது. தம்புராவின் மேல்பகுதி லேசாக மங்கும். வியர்வை குடித்துச் சில மாதத்தில் உப்பிப் பிய்ந்துவிடும், கழுவவும் முடியாது. ரயிலுக்கு ஃபோம், வீட்டுக்கு சிலிக்கான். சிலிக்கானை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகே மாட்டுங்கள்.