மலையே இல்லாத ஊரில் மலை ஏறப் பழகுவது எப்படி?

உச்சிப்புளி தையல்காரி:
வயது 53. வீட்டுத் திண்ணையில் தையல் மிஷின், காலை முதல் இரவு வரை உட்கார்ந்த வேலை. சர்க்கரை வந்துவிட்டது, தினமும் நடக்க வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ராமேசுவரம் நெடுஞ்சாலையில் நடந்தால் சுற்றுலா வேன்களின் ஹாரன் சத்தத்தில் உயிர் போய் வருகிறது. இதற்கிடையில் நாத்தனார் ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலை ஏறப் போகலாம் என்கிறார். இப்போது தை மாதம். ஏறிப் பழக இந்த மாவட்டத்தில் ஒரு குன்றாவது உண்டா? எங்கே, எப்படி நடக்கலாம்?

மதுரைக்காரன்:
ராமநாதபுரத்தில் ஏதாவது ஜிம்மில் சேர்ந்து ட்ரெட்மில்லைச் சாய்த்து வைத்து நடங்கள். வேலை முடிந்தது.

பாம்பன் கீமேன் (ஓய்வு):
தம்பி, உச்சிப்புளியிலிருந்து தினமும் ராமநாதபுரம் போய் நடந்துவிட்டு வந்தால் அந்த அம்மா துணி தைப்பது எப்போது? இரண்டு பக்கமும் கடலை வைத்துக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே நடக்க வேண்டிய தலையெழுத்து எங்களுக்கு இல்லை.

தங்கச்சி, ரயில்வே கீமேனாகச் சுத்தியல், ஸ்பேனர், கொடிகளைச் சுமந்து தண்டவாளத்தோரம் நடப்பதுதான் பணிக்காலம் முழுவதும் என் பிழைப்பு. அதனால் நடையைப் பற்றிக் கொஞ்சம் அதிகாரமாகவே பேசுவேன். முதலில் ஒன்று: யாராவது தண்டவாளத்தில் நடக்கச் சொன்னால் கேட்காதீர்கள். அது குற்றம், ஆபத்தும்கூட.

உங்கள் ஊருக்குத் தெற்கே புதுமடம், மன்னார் வளைகுடா. வடக்கே அரியமான், பாக் நீரிணை. எந்தக் கரை என்பதைக் காற்றுதான் சொல்ல வேண்டும். இப்போது வடகிழக்கிலிருந்து வாடை அடிக்கிறது, வடகடல் கொந்தளிக்கும். புதுமடம் பக்கம் போங்கள். வைகாசிக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று பிடித்துவிடும், தென்கரையில் மணல் முகத்தில் அறையும். அப்போது அரியமான் சவுக்குத்தோப்பு ஓரம் சுகம்.

போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று. களைத்த பிறகு காற்றோடு மல்லுக்கட்டக் கூடாது. வாடைக்காலத்தில் விடியும் முன் கிழக்கே நடக்கத் தொடங்கினால், திரும்பும்போது காற்றும் வெயிலும் முதுகில்தான் படும். கச்சான் காலத்தில் முதலில் மேற்கே போங்கள். திரும்பும்போது வெயில் முகத்தில் அடிக்கும். தலையில் துண்டு இருக்கட்டும்.

முதலில் அலை நனைத்து இறுகிய மணலில் மட்டும் நடங்கள். உடம்பு பழகிய பின் இடையிடையே காய்ந்த மணலுக்கு ஏறி இறங்குங்கள். கால் புதையும் அந்த மணலில் நடக்கச் சமதரையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் உழைப்பு வேண்டும். கெண்டைக்காலும் கணுக்காலும் உரமேறும்; நம் ஊரில் ஏற்றத்துக்கு மாற்று அதுதான். கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு பக்க இடுப்புக்கே வேலை அதிகம். போன வழியே திரும்பினால் இரு பக்கமும் சமமாகிவிடும்.

மணல் பழக்கித் தராதது இறக்கம். சதுரகிரியில் முட்டியைப் பதம் பார்ப்பது அதுதான். அதற்கு மாடிப்படி போதும்: நிதானமாக, கைப்பிடியைத் தொட்டபடி இறங்கிப் பழகுங்கள். ராமேசுவரம் வந்தால் கோயிலிலிருந்து கெந்தமாதன பர்வதம் வரை நடந்து பாருங்கள், ஏறக்குறைய 3 கிலோமீட்டர். பர்வதம் என்பது பெயரில்தான், மணல்மேடு. ஆனாலும் தீவிலேயே உயரமான இடம் அதுதான். ராமர் பாத மண்டபத்தின் மேல் நின்றால் சுற்றிலும் கடல் தெரியும்.

வெறுங்காலோடு மட்டும் வேண்டாம். வலைத்துண்டு, தூண்டில் முள், கரையொதுங்கிய சொறி (ஜெல்லி மீன்), ராவணன் மீசைப் புல், உள்ளே போனால் கருவேல முள். சர்க்கரைக்காரருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் குத்தியதே தெரியாது. பின்பக்கம் வார் வைத்த செருப்புப் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பாதத்தைக் கழுவித் திருப்பிப் பாருங்கள். மாத்திரை போடுகிறவர் என்றால், சர்க்கரை திடீரென்று இறங்கினால் போட்டுக்கொள்ளப் பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். வழியில் பதநீர்க்காரர் கூப்பிடுவார். அவர் நல்லவர்தான், ஆனாலும் திரும்பிப் பார்க்காமல் நடங்கள்.

கண்மாய்க்கரை:
அண்ணன் கடலைத் தாண்டி வரமாட்டார் போலிருக்கிறது. ராமநாதபுரத்துக்கு நூல், பித்தான் வாங்க வருவீர்கள் அல்லவா? அன்று சக்கரக்கோட்டைக் கண்மாய்ப் பக்கம் வாருங்கள். 2025இல் தேர்த்தங்கலோடு சேர்ந்து ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் இடம்பிடித்த பறவைகள் சரணாலயம். மழைக்குப் பிறகு தண்ணீர் நிற்கும் மாதங்களில் நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், கூழைக்கடா எல்லாம் வரும். பறவைக்காக நின்று நின்று நடப்பதால் வேகம் வராது என்பது உண்மை. ஆனால் நடையே பிடிக்காதவர்களை நடக்க வைக்க இதைவிட நல்ல தந்திரம் எனக்குத் தெரியாது. என் கணவரை அப்படித்தான் கிளப்பினேன்.

உச்சிப்புளி தையல்காரி:
இருவருக்கும் நன்றி. புதுமடம் போகலாம் என்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டேன். விடியும் முன் இரண்டு பெண்கள் கடற்கரைக்குப் போவது சரியாக வருமா? நாய்த் தொல்லை வேறு. தனுஷ்கோடியிலும் நடக்க ஆசை.

பாம்பன் கீமேன் (ஓய்வு):
வள்ளங்கள் கரையேறும் இடத்தில் தொடங்குங்கள். அங்கே விடியலிலேயே ஆள் நடமாட்டம் இருக்கும், வலை பிரிக்கும் பெண்களும் இருப்பார்கள். முதல் வாரத்திலேயே உங்களை அடையாளம் தெரிந்துகொள்வார்கள். ஆளில்லாத பக்கம் இருட்டில் போக வேண்டாம். கையில் ஒரு கம்பு இருந்தால் நாய் தள்ளியே நிற்கும், மலைக்கும் அதுவே உதவும்.

தனுஷ்கோடியைப் பங்குனிக்குள் முடித்துக்கொள்ளுங்கள், அதன்பின் நிழலே இல்லாத அந்த மணல் கொதிக்கும். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்கு 9 கிலோமீட்டருக்கு மேல். 2017இல் சாலை திறந்த பிறகு எல்லாரும் முனை வரை வண்டியிலேயே போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். நீங்கள் போகும்போது பஸ், வரும்போது பாதித் தூரம் நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள். முனையில் கடலில் இறங்கவே கூடாது, நீரோட்டம் பொல்லாதது.

செருப்பு வாங்கச் சாயங்காலமாகப் போங்கள். பகலெல்லாம் உட்கார்ந்து கால் சற்று வீங்கியிருக்கும். அந்தக் காலுக்குச் சரியாக இருப்பதுதான் மலையில் கடிக்காது.