புதுப்பிப்பு: இணை பில்டில் எப்போதாவது வரும் பிழை பிடிபட்டது (ஜிஎன்யு மேக்)

உதவிய அனைவருக்கும் நன்றி. நிரலைத் தொகுக்கும் கருவியான மேக்கை, எட்டு வேலைகள் வரை ஒரே நேரத்தில் நடக்கும்படி (மேக் -ஜே8) ஓட்டினால் சில சமயம் மட்டும் பார்சர் ஹெடர் கோப்பு இல்லை என்று பில்ட் நின்றுவிடுகிறது, வேலை வரிசையைக் கலைத்துப் பார்க்க மேக்கிலேயே வசதி வேண்டும் என்று கேட்டிருந்தேன்.

2022-இல் வந்த 4.4 பதிப்பிலேயே அது இருக்கிறது என்ற பதில்தான் கைகொடுத்தது. வரிசையைத் தலைகீழாக்கும் --ஷஃபிள்=ரிவர்ஸ் கொடுத்ததும் -ஜே இல்லாமலே முதல் ஓட்டத்தில் பிழை வந்தது. காரணம், பைசன் (பார்சரை எழுதித் தரும் கருவி) உருவாக்கும் ஹெடரை, லெக்சர் (உள்ளீட்டைச் சொற்களாகப் பிரிக்கும் பகுதி) ஆப்ஜெக்ட்டின் சார்புகளில், அதாவது அதற்கு முன்பே தயாராக வேண்டியவற்றின் பட்டியலில், சேர்க்காததுதான். அந்த ஒரு வரியைச் சேர்த்தேன், சரியாகிவிட்டது.

ஒவ்வொரு முறை சோதிக்கும் முன்பும் மேக் கிளீன் (முன்பு உருவான கோப்புகளை அழிப்பது) கட்டாயம்; பழைய ஹெடர் கிடந்தால் பிழை மறைந்துகொள்ளும். வெறும் --ஷஃபிள் கொடுத்தால் வரிசை தற்போக்காகக் கலையும்; அந்த வரிசையைக் குறிக்கும் விதை எண் பிழை வரியிலேயே வரும். அதையே திரும்பக் கொடுத்தால் அதே வரிசை கிடைக்கும்.

எதிர்பாராதது: வேலைகளை ஒவ்வொன்றாக மட்டுமே நடத்தச் சொல்லும் .நாட்பேரலல் வரி உள்ள துணை மேக்ஃபைலில் (மேக்குக்கான விதிகள் உள்ள கோப்பு) ஷஃபிள் வேலையே செய்யாது. சோதனைக்கு அந்த வரியை எடுத்துவிடுங்கள்.