மாணவியின் கண்டுபிடிப்பு, காப்புரிமையில் யார் பெயர்?

கேள்வி:
எங்கள் பொறியியல் கல்லூரியில், புதுக் கண்டுபிடிப்புகளைத் தொழிலாக்க உதவும் இன்குபேஷன் சென்டர் திறந்து இரண்டு வருஷம் ஆகிறது. என் மாணவி ஒருத்தி, கிணற்றில் தண்ணீர் குறைந்தால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் ஒரு சின்னக் கருவி செய்தாள், சால்டரிங் எல்லாம் ஹாஸ்டல் அறையிலேயே, கையில் இரண்டு சூட்டுக் காயத்தோடு. இப்போது காப்புரிமை விண்ணப்பத்தில் நிர்வாகத்தில் ஒருவர் பெயரும் கண்டுபிடிப்பாளராக வருகிறது. அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. நான் என்ன செய்ய?

பதில் 1:
கையெழுத்துப் போடாதீங்க சார். ஒப்பந்தம் இருந்தால் உரிமை கல்லூரிக்குப் போகலாம், அது வேறு. 1970ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டம் கேட்பது உண்மையான, முதல் கண்டுபிடிப்பாளரை. அவளுடைய நோட்டு, தேதியோடு போட்டோக்கள், எல்லாம் பத்திரமா இருக்கட்டும்.

பதில் 2:
கேட்டால் நடக்கும் சார். ஸ்டாவுடின் என்ற எய்ட்ஸ் மருந்தின் காப்புரிமை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திடம் இருந்தது, விற்றது பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்குவிப் என்ற மருந்துக் கம்பெனி. தென்னாப்பிரிக்க ஏழைகளுக்கு அந்த விலை எட்டாது. 2001இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, காப்புரிமையைத் தளர்த்தக் கேட்டு யேலுக்கு எழுதியது, மாணவர்கள் திரண்டார்கள், அது எய்ட்ஸுக்கு உதவும் என்று கண்டறிந்தவர்களில் ஒருவரான யேல் பேராசிரியர் வில்லியம் ப்ரூசாஃபும் அவர்கள் பக்கம் நின்றார். அந்த மார்ச்சிலேயே, அங்கே காப்புரிமையை வற்புறுத்த மாட்டோம் என்று கம்பெனி அறிவித்தது. பல்கலைக்கழகம் தொழில் செய்யட்டும், தப்பில்லை, ஆனால் யாருக்காக என்று உள்ளே இருப்பவர்கள்தான் கேட்க வேண்டும்.

கேட்டவர்:
நன்றி. நாளைக் காலையிலேயே அவள் நோட்டை எடுத்துக்கொண்டு முதல்வரைப் பார்க்கிறேன், அவளையும் கூட்டிக்கொண்டு.