கிரெம் த காஸிஸ் திராட்சையில் செய்யப்படுவதா?

குமுளிவாசி:
அனைவருக்கும் வணக்கம். நான் குமுளியில் வசிக்கிறேன். எங்கள் குடும்பத்துக்குக் கம்பம் பக்கம் ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சைத் தோட்டம் உண்டு. பாரிசில் வேலை பார்க்கும் என் மைத்துனர் சென்ற மாதம் வந்தபோது, ‘கிரெம் த காஸிஸ்’ என்ற அடர்சிவப்புப் பானம் ஒரு பாட்டில் கொடுத்து, பர்கண்டி என்னும் ஒயின் வட்டாரத்தில் கருந்திராட்சையால் செய்தது என்றார். அப்படியானால் இதுவும் ஒயின்தானா? பெயரில் கிரீம் இருப்பதால் பால் கலந்திருக்குமா? எங்கள் பன்னீர் திராட்சையில் இதுபோல் ஒன்று செய்ய இயலுமா? விலை விழும் பருவங்களில் அப்பா படும் வேதனையைப் பார்த்துத்தான் கேட்கிறேன்.

தேவிகுளத்தான்:
தம்பி, முதலில் பழத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் கடைகளில் ‘பிளாக் கரண்ட்’ ஐஸ்கிரீமைப் பார்த்துப் பலரும் அதைக் கருந்திராட்சை என்றே நினைக்கிறார்கள். ஆனால் பிளாக் கரண்டின் பிரெஞ்சுப் பெயரான காஸிஸ் என்பது கொடியில் காய்ப்பதே அன்று. அது இடுப்பளவு வளரும் ஒரு புதரில், கொத்துக் கொத்தாகத் தொங்கும் சிறிய கறுப்புக் கனி. நீண்ட கடுங்குளிர் கிடைத்தால்தான் அந்தச் செடி ஒழுங்காகப் பூக்கும் என்பதால் கம்பம் பள்ளத்தாக்கு அதற்கு ஏற்ற இடமன்று.

இது ஒயினும் அன்று. ஒயின் என்றால் சாறு தானே புளித்து, அதன் சர்க்கரையே மதுவாக மாற வேண்டும். இங்கே புளிக்கவைப்பதே கிடையாது. கனிகளை வாசனையற்ற மதுச்சாரத்தில் பல வாரங்கள் ஊறவைத்து, நிறமும் மணமும் இறங்கியபின் வடித்து, சர்க்கரை சேர்க்கிறார்கள். இவ்வகையை லிக்யூர் என்பார்கள். பாலுக்கும் இதற்கும் தொடர்பில்லை, ‘கிரெம்’ என்பது சர்க்கரை மிகுதியால் வரும் கெட்டித்தன்மையைக் குறிக்கிறது. ஐரோப்பிய விதிப்படி மற்ற பழங்களின் கிரெமில் லிட்டருக்கு 250 கிராம் சர்க்கரை இருந்தால் போதும், காஸிஸுக்கு மட்டும் 400 கிராம் வேண்டும். அவ்வளவு இனிப்பை அந்தக் கனியின் கடும் புளிப்புதான் தாங்குகிறது. புளிப்பில்லாமல் வெல்லம் மட்டும் கரைத்த பானகம் திகட்டிவிடும் அல்லவா, அதே கணக்கு. பன்னீர் திராட்சைக்கு அந்தப் புளிப்பு இல்லாததால் இதே முறையில் செய்தால் மணம் இருக்கும், சுவை தட்டையாகிவிடும் என்பது என் கருத்து.

பர்கண்டிக்கும் இந்தக் கனிக்கும் உள்ள உறவு பழையது. 1841-இல் டிஜோன் நகரில் லாகூட் என்பவர் இதைத் தொழிலாகத் தொடங்கினார். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபைலோக்சரா என்னும் வேர்ப்பூச்சி திராட்சைக் கொடிகளை அழித்த காலத்தில் பல குடியானவர்களுக்குக் காஸிஸ் ஆதரவாக இருந்தது. அங்கே பினோ நுவார், ஷார்டொன்னே ஆகிய திராட்சைகளோடு அலிகோத்தே என்ற புளிப்பான வெள்ளைத் திராட்சையும் விளைகிறது. அதன் ஒயினில் சிறிதளவு காஸிஸைக் கலந்ததுதான் ‘கிர்’. 1945 முதல் 1968 வரை டிஜோன் மேயராக இருந்த பாதிரியார் ஃபெலிக்ஸ் கிர், நகரமன்ற விருந்தினர்களுக்கு அதை வழங்கிவந்ததால் அவர் பெயரே நிலைத்துவிட்டது.

பாலக்காட்டு ஆசிரியர்:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஒன்றைச் சேர்க்க வேண்டும். ‘டிஜோன்’ என்று அச்சிட்டிருந்தால் அந்நகரில் தயாரானது என்றுதான் பொருள், கனி வேறெங்கிருந்தும் வந்திருக்கலாம். ‘காஸிஸ் த பூர்கோன்’ என்றிருந்தால் கனியும் பர்கண்டி மண்ணில் விளைந்ததாக இருக்க வேண்டும். கம்பம் பன்னீர் திராட்சைக்கும் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. தம்பியின் அப்பா அந்தப் பெயரைப் பெட்டிமீது போட வழி தேடினால், லிக்யூர் செய்வதைவிட அது விரைவில் பலன் தரக்கூடும். உரிமமின்றி வீட்டில் மது தயாரிப்பது எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம்.

குமுளிவாசி:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பாட்டிலில் ‘டிஜோன்’ என்று மட்டுமே இருக்கிறது. திறந்து மூன்று வாரமாக அலமாரியில் வைத்திருந்தேன், நிறம் சற்று மங்கியதுபோல் தெரிகிறதே?

தேவிகுளத்தான்:
காற்றுப் பட்டால் சிவப்பு மெல்லப் பழுப்பாகும், மணமும் குறையும். இறுக மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டு மூன்று மாதங்களுக்குள் முடித்துவிடுங்கள்.