பதிப்புரிமையும் மனையும் ஒரே மாதிரிச் சொத்தா?

கேள்வி: பதிப்புரிமையை விற்கலாம், உயில் எழுதலாம், வாடகைக்கு விடுவதுபோல் உரிமமும் தரலாம். மனை தலைமுறை தலைமுறையாக வரும்போது இது மட்டும் ஏன் காலாவதியாகிறது?

பதில் 1: மனையில் ஒருவர் வீடு கட்டினால் இன்னொருவர் கட்ட முடியாது. கதையை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் படித்தாலும் தேயாது. எழுதுபவருக்கு வருமானம் கிடைக்கச் சட்டமே அங்கே ஒரு வேலி போடுகிறது, அதற்குக் கெடுவும் வைக்கிறது. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கைப்படி பொதுவாக ஆசிரியரின் ஆயுளும் அதன்பின் குறைந்தது 50 ஆண்டும். பல நாடுகளில் 70.

பதில் 2: கெடுவை விடுங்க சார், தலைவலியே வில்லங்கம் பார்ப்பதில்தான். மனைக்கு எல்லை, அளவு, பதிவேடு உண்டு. பதிப்புரிமை எழுதிய கணமே பிறந்துவிடும். பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் பதிவு செய்தால்தான் உரிமை என்ற நிபந்தனை கிடையாது. அதனால் உரிமையாளர் யாரென்றே தெரியாத நூல்கள் ஏராளம். வாங்குமுன் ஆசிரியரில் தொடங்கி ஒவ்வொரு கைமாற்றுக்கும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் கேளுங்கள். வாரிசுகள் பலர் என்றால் எல்லோர் கையெழுத்தும் வேண்டும். மொழி, நாடு, காலம், அச்சு, மின்னூல், ஒலிநூல் எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். "சகல உரிமைகளும்" என்று மொட்டையாக எழுதிய ஒப்பந்தம்தான் ஒலிநூல் வரும்போது வழக்காகிறது.

பதில் 3: ஒன்று விட்டுப்போச்சு. கையெழுத்துப் பிரதியை விலைக்கு வாங்கினால் தாள்தான் உங்களுடையது, அச்சிடும் உரிமை கூடவே வராது. இன்னொரு விநோதம்: இருவர் காப்பியடிக்காமல் தனித்தனியே ஒரே மாதிரி எழுதினால் இருவருக்குமே பதிப்புரிமை உண்டு. மனையில் இது நடக்காது.