பிரித்துப் போடும் குப்பை நிஜமாகவே மறுசுழற்சிக்குப் போகிறதா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

மூன்றாம் மாடி
வண்டி வந்தபோது ஜன்னலோரம் நின்றிருந்தேன். மறுசுழற்சித் தொட்டி, சாதாரணக் குப்பைத் தொட்டி, இரண்டையும் வண்டிக்காரர் ஒரே வாய்க்குள் கவிழ்த்தார். முதலில் ஒன்று, அது விழுந்து முடிவதற்குள் மற்றது. உள்ளே இருந்ததெல்லாம் நான் கழுவி, காயவைத்து, தட்டையாக்கி வைத்த டப்பாக்கள். அவர் நிமிர்ந்து பார்த்தார், என்னைப் பார்த்துவிட்டார், சிரித்துக் கையசைத்தார். கள்ளத்தனமே இல்லாத அந்தக் கையசைப்புதான் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. இன்னமும் பிரிக்கிறேன். ஆனால் பிரிக்கும்போது ஒரு எரிச்சல். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

பழைய இரும்பு
வண்டிக்குள் நடுவில் தடுப்பு வைத்த வகை உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வாய் மாதிரிதான் தெரியும், உள்ளே இரண்டு அறை. அதுவும் மூன்றாவது மாடியிலிருந்து பார்த்துவிட்டு எப்படி முடிவு கட்டினீர்கள்? ஒன்றாகவே கொட்டியிருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

பெல்ட் ஓரம்
தரம்பிரிக்கும் ஆலையில் வேலை பார்த்தேன், இப்போது இல்லை. அங்கே எங்களுக்கு எதிரி அழுக்கு டப்பா இல்லை, பிளாஸ்டிக் பை. சுழலும் தட்டுகள் வழியாகத்தான் அட்டை மேலே ஏறும், சின்னதெல்லாம் கீழே விழும். தட்டுகளைச் சுழற்றும் தண்டுகளில் பை சுற்றிச் சுற்றி இறுகி, கடைசியில் தட்டே சுழலாது. மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டுவிட்டு ஆட்கள் உள்ளே இறங்கி, கத்தியால் அறுத்து அறுத்து எடுக்க வேண்டும். ஒரு முறை நான் அறுத்துக்கொண்டிருந்த உருண்டைக்குள் முடிச்சுப் போட்ட பை ஒன்று முழுசாக இருந்தது. திறந்தால் உள்ளே அத்தனையும் பளபளவென்று கழுவிய டப்பாக்கள். யாரோ சிரத்தையாகச் செய்திருக்கிறார்கள். அந்த முடிச்சினாலேயே மொத்தமும் குப்பைக்குப் போனது. கட்டிப் போட்ட பையை ஓடுகிற பெல்ட்டில் யாரும் நின்று பிரித்துப் பார்க்க மாட்டார்கள். அந்த வீட்டுக்காரர் யாரென்று தெரியாது, ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று இன்றும் தோன்றும்.

ராப்பறவை
எங்கள் தெருவில் வண்டி நடுரோட்டிலேயே மொத்தச் சுமையையும் கொட்டிவிட்டது. கோளாறு என்று நினைத்தோம். அப்புறம்தான் குவியலுக்குள்ளிருந்து புகை. உள்ளே தீப்பிடித்தால் வண்டியைக் காப்பாற்ற அப்படிக் கொட்டிவிடுவார்களாம். தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்து, தெரு முழுக்க கறுப்புத் தண்ணீர் ஓடியது. காரணம் ஏதோ சாதனத்தின் லித்தியம் பேட்டரி. வண்டி அமுக்கும்போது நசுங்கி உள்ளுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகிப் பற்றிக்கொள்கிறது. அந்த ஓட்டுநர் நடைபாதையில் உட்கார்ந்து கை நடுங்க சிகரெட் பற்றவைக்கப் பார்த்து, முடியாமல் பாக்கெட்டிலேயே திரும்ப வைத்துக்கொண்டார். பேட்டரியைத் தயவுசெய்து எந்தத் தொட்டியிலும் போடாதீர்கள். வேறெதையும் நான் சொல்ல வரவில்லை.

கணக்குப்பிள்ளை
என் அனுபவம் சின்னது: பக்கத்து வீட்டுக்காரர் தெர்மாகோலை மறுசுழற்சித் தொட்டியில் அடைப்பதைப் பார்த்து வாக்குவாதமாகி, இன்று வரை பேச்சுவார்த்தை இல்லை. சரி, விஷயத்துக்கு வருவோம். 'மறுசுழற்சிக்குப் போகிறதா இல்லையா' என்று மொத்தமாகக் கேட்பதே தப்பு. பொருளுக்குப் பொருள் பதில் வேறு. அலுமினியம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பிரியுங்கள். தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதைவிட ஏறத்தாழ 95% சக்தி மிச்சம், எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாது. இரும்பு டப்பாவைக் காந்தமே இழுத்துவிடும். அட்டையும் காகிதமும் நல்லதுதான், ஆனால் நார் ஒவ்வொரு சுற்றிலும் குட்டையாகிக்கொண்டே போகும். ஐந்து, ஏழு சுற்றுக்கு மேல் தாங்காது. கண்ணாடியை எத்தனை தரமும் உருக்கலாம். ஆனால் கனம் அதிகம், உலை தூரத்தில் இருந்தால் லாரி எண்ணெயிலேயே லாபம் போய்விடும். பிளாஸ்டிக்கில் 1, 2 என்று எண் போட்டவற்றுக்கு, அதாவது தண்ணீர் புட்டி, ஷாம்பு புட்டி வகைக்கு, வாங்க ஆள் உண்டு. மற்றதற்கெல்லாம் பெரும்பாலும் இல்லை. அந்த எண்ணைச் சுற்றியிருக்கும் முக்கோணக் குறி 1988இல் வந்தது. இது எந்த வகைப் பிளாஸ்டிக் என்று சொல்லத்தான் அது, மறுசுழற்சி ஆகும் என்ற உத்தரவாதம் இல்லை. கறுப்பு பிளாஸ்டிக் இன்னும் மோசம். அகச்சிவப்பு ஒளியில் தரம்பிரிக்கும் இயந்திரத்துக்கு அது கண்ணிலேயே படாது, கறுப்பு நிறமி ஒளியை விழுங்கிவிடும். 2015 வரை உலகம் தூக்கிப்போட்ட பிளாஸ்டிக் மொத்தத்தில் மறுசுழற்சி ஆனது 9 சதவீதம் என்று 2017இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதுவரை நிறைய நாடுகள் தங்களுடையதைக் கட்டுக்கட்டாகச் சீனாவுக்கு அனுப்பிவிட்டு 'ஆயிற்று' என்று எழுதிக்கொண்டிருந்தன. 2018இல் சீனா கதவைச் சாத்தியது. கலப்படம் 0.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வேண்டாம் என்றது. அப்போது பல ஊர்களில் பிரித்து வாங்கியதையே எரித்தார்கள், புதைத்தார்கள். ஆகவே மூன்றாம் மாடி, நீங்கள் டப்பாவை அவ்வளவு தேய்த்துக் கழுவவும் வேண்டாம், ஒட்டியிருப்பது போகிற அளவுக்கு அலசினால் போதும், வெந்நீர் வைத்துக் கழுவினால் மிச்சம் பிடித்த சக்தியில் கொஞ்சம் அங்கேயே போய்விடும், லேபிள் உரிப்பதும் தேவையில்லை...

மூன்றாம் மாடி
கணக்குப்பிள்ளை, எப்படிக் கழுவுவது என்று நான் கேட்கவே இல்லை. லேபிள் உரித்ததாகவும் எழுதவில்லை.

பழைய இரும்பு சொன்னபடி வண்டிக்காரரிடமே கேட்டேன். அன்றைக்கு இன்னொரு வண்டி பழுதாம், அதனால் எல்லாம் ஒன்றாகத்தான் போனதாம். தடுப்பெல்லாம் கிடையாது. ஒளிக்காமல் சொன்னார், அதற்காகக் கோபம் பாதி குறைந்தது. மீதிப் பாதி அவர்மேல் இல்லை. 'இன்று ஒன்றாகத்தான் எடுப்போம்' என்று எங்களிடம் ஒரு வரி சொல்லாதவர்கள்மேல்.

சும்மா படிக்கிறவள்
எங்கள் தொட்டிக்கு வண்டி வருவதற்கு முன்னாலேயே ஒரு அம்மா வருவார். ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். அலுமினிய டப்பா வந்தால் காலால் மிதித்துச் சாக்கில் போடுவார். தண்ணீர் புட்டியும் சாக்குக்குள். நான் பார்த்துப் பார்த்துக் கழுவிய மெல்லிய பிளாஸ்டிக் தட்டு ஒன்று கைக்கு வந்தது. முன்னும் பின்னும் திருப்பினார், லேசாக அழுத்தினார், சத்தம் கேட்டார், திரும்ப உள்ளே போட்டுவிட்டார். மேலே எழுதியிருக்கிற இவ்வளவும் அவர் கைக்கு ஒரு நொடியில் தெரிந்திருக்கிறது. அதிலிருந்து அந்தத் தட்டில் வரும் பொருளை வாங்குவதையே நிறுத்திவிட்டேன். பிரிப்பதால் வந்த பலன் என்று நான் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

பழைய இரும்பு
வாங்காமல் இருப்பது வேறு, பிரிப்பது வேறு. இதில் எதற்கு அதைக் கலக்கிறீர்கள்?

சும்மா படிக்கிறவள்
பிரிக்கும்போதுதானே எவ்வளவு சேருகிறது என்றே கண்ணில் பட்டது!

ராப்பறவை
இடையில் ஒரு சந்தேகம். புட்டி மூடியைக் கழற்றிப் போட வேண்டுமா, மாட்டியே போட வேண்டுமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பெல்ட் ஓரம்
எங்கள் ஆலையில் மாட்டியே போடச் சொல்வோம். தனியாகப் போட்டால் சல்லடை ஓட்டையில் விழுந்து குப்பையோடு போய்விடும். முன்பெல்லாம் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதனால்தான் இந்தக் குழப்பம். உங்கள் பக்கம் எடுக்கிறவர்கள் வேறு மாதிரி சொன்னால் அதைக் கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை
மூடி வேறு வகைப் பிளாஸ்டிக், தண்ணீர் புட்டி வேறு வகை. அரைத்துத் தண்ணீரில் போட்டால் மூடித்தூள் மிதக்கும், புட்டித்தூள் மூழ்கும், அப்படித்தான் பிரிப்பார்கள். இதைப் பற்றி விரிவாக நாளை எழுதுகிறேன்.

மூன்றாம் மாடி
வேண்டாம்.