போடியில் ஓடிய மோட்டார் மூணாறு மலையில் தண்ணீர் எடுக்க மறுக்கிறது, ஃபுட் வால்வு மாற்றியும் பலனில்லை

லயத்துவீட்டான்
எல்லோருக்கும் வணக்கம். மூணாறுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அப்பாவும் அம்மாவும் எஸ்டேட் வேலையில் ஓய்வு பெற்று லயத்தை, அதாவது எஸ்டேட் கொடுத்த வரிசை வீட்டை, காலி செய்த பிறகு, நாலு சென்ட் இடத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டினோம். இடத்தோடு ஒரு பழைய உறைக் கிணறும் வந்தது. போடியில் மாமா தோட்டத்தில் சும்மா கிடந்த 1 ஹெச்பி மோனோபிளாக் மோட்டாரை ஜீப்பில் ஏற்றி, போடிமெட்டு வழியாகக் கொண்டுவந்து மாட்டினேன்.

அங்கே மோட்டாருக்கும் தண்ணீருக்கும் 22 அடி. ஆறு வருடம் ஒரு குறையும் இல்லை. இங்கே 21 அடிதான். காலையில் பத்து நிமிடம் நன்றாக வருகிறது, அப்புறம் நூல் மாதிரி ஆகிவிடுகிறது. மோட்டாருக்குள் சரளைக் கல்லைப் போட்டுக் குலுக்குவது போல் சத்தம். சாயங்காலம் நாலு மணிக்குப் போட்டால் சுத்தமாக எடுப்பதே இல்லை. பைப்பின் அடி முனையில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வு புதிது, கிணற்றிலிருந்து மோட்டாருக்கு வரும் சக்‌ஷன் பைப் 1 இஞ்ச், தொட்டி மோட்டாரிலிருந்து 40 அடி மேட்டில் இருக்கிறது. 1.5 ஹெச்பி வாங்கச் சொல்கிறார்கள். அதற்கு அப்பாவின் பணிக்கொடையில் மிச்சம் இருப்பதைத் தொட வேண்டும். அம்மாவுக்கு முட்டிவலி, ஓடையிலிருந்து குடம் தூக்க முடியாது. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

போடி மெக்கானிக்
தம்பி, புது மோட்டார் வாங்க அவசரப்படாதீர்கள். முதலில் காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். பைப்பில் தண்ணீர் நிரப்பி ராத்திரி அப்படியே விடுங்கள். காலையில் அதே மட்டத்தில் இருந்தால் ஃபுட் வால்வு சரி. மோட்டார் ஓடும்போது சக்‌ஷன் பக்கத்து இணைப்புகள் ஒவ்வொன்றிலும் சோப்பு நுரை தடவுங்கள். நுரை உள்ளே போனால் அங்கேதான் ஓட்டை. வோல்டேஜும் பாருங்கள்.

லயத்துவீட்டான்
அண்ணே, மூன்றும் பார்த்துவிட்டேன். தண்ணீர் இறங்கவில்லை, நுரை எங்கும் உள்ளே போகவில்லை. ஓடும்போது 225 வோல்ட் இருக்கிறது. 40 அடி மேடு அதிகமோ?

போடி மெக்கானிக்
இல்லை. மேலே தள்ளுவது மோட்டாரின் வேலை, 40 அடியை இது சாதாரணமாகத் தள்ளும். கோளாறு சக்‌ஷன் பக்கம்தான். ஆனால் 21 அடிக்கு ஏன் திணறுகிறது என்று எனக்கே பிடிபடவில்லை.

பாலக்காட்டு வாத்தியார்
தம்பி, உங்கள் ஊர் எவ்வளவு உயரம்?

லயத்துவீட்டான்
ஃபோனில் பார்த்தேன் சார், 1,520 மீட்டர் காட்டுகிறது.

பாலக்காட்டு வாத்தியார்
அப்படியானால் குற்றம் மோட்டார் மேல் இல்லை. மோட்டார் தண்ணீரை இழுப்பதாக நாம் சொல்கிறோம், உண்மையில் அது இழுப்பதே இல்லை. பைப்புக்குள் அழுத்தத்தைக் குறைத்து இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். கிணற்றுத் தண்ணீரின் மேல் உட்கார்ந்திருக்கும் காற்று தன் எடையால் அழுத்தி, தண்ணீரைப் பைப்பில் ஏற்றுகிறது. கடல் மட்டத்தில் அந்த அழுத்தம் 1,013 ஹெக்டோபாஸ்கல். அது தாங்கக்கூடிய தண்ணீர்க் கம்பம் 10.3 மீட்டர். எத்தனை பெரிய மோட்டாரானாலும் மேலிருந்து அதற்கு மேல் எடுக்க முடியாது.

மலை ஏற ஏற, தலைக்கு மேல் இருக்கும் காற்று குறைகிறது. போடியின் 350 மீட்டர் உயரத்தில் 9.9 மீட்டர் கம்பம் நிற்கும். உங்கள் உயரத்தில் அழுத்தம் 845 ஹெக்டோபாஸ்கல் சுமார், கம்பம் 8.6 மீட்டர்தான். போடிமெட்டு வளைவுகளில் ஜீப் ஏறியபோதே உங்கள் மோட்டார் நாலடிக்கு மேல் இழந்துவிட்டது.

இனி கணக்குப் பாருங்கள். போடியில் 22 அடி என்பது 6.7 மீட்டர். 9.9-இல் அது போக 3.2 மீட்டர் கையிருப்பு. இங்கே 21 அடி, அதாவது 6.4 மீட்டர் போக மிஞ்சுவது 2.2. ஃபுட் வால்வில் நுழையும் தடை, பைப் உராய்வு, மோட்டாருக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லருக்குள் போகும்போது ஏற்படும் இழப்பு எல்லாம் இந்தக் கையிருப்பில்தான் அடங்க வேண்டும். பத்து நிமிடம் ஓடிக் கிணறு இரண்டடி இறங்கினால் 1.6 மீட்டர்தான் மிச்சம். அங்கேதான் அறுந்துபோகிறது.

குமுளி ஏலம்
சார், சாயங்காலம் சுத்தமாக எடுக்காததற்கும் காற்றழுத்தம்தான் காரணமா? நம் பக்கம் நாலு மணிக்கு அழுத்தம் குறையும் என்று படித்திருக்கிறேன்.

பாலக்காட்டு வாத்தியார்
நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். வெப்ப மண்டலத்தில் அழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும். பத்து மணிவாக்கில் உச்சம், நாலு மணிவாக்கில் பள்ளம், காலையும் இரவும் அப்படியே. ஆனால் வித்தியாசம் 3 ஹெக்டோபாஸ்கல் போலத்தான். 1 ஹெக்டோபாஸ்கலுக்கு 1 சென்டிமீட்டர் தண்ணீர் என்று வையுங்கள். 10 குறைகிற காற்றழுத்தத் தாழ்வு வந்தாலும் 10 சென்டிமீட்டர்தான் போகும். மலை ஏறியதில் போனது 130. சாயங்காலக் குறைக்குக் காரணம் கிணறுதான். இரவெல்லாம் ஊறிய தண்ணீரைக் காலையில் எடுத்துவிடுகிறார்கள், மறுபடி ஊற நேரமில்லை.

காந்தளூர் பூண்டு
அந்தச் சரளைச் சத்தம் என்ன சார்? எங்கள் வீட்டு மோட்டாரிலும் கேட்கிறது.

பாலக்காட்டு வாத்தியார்
அது தண்ணீர் கொதிக்கும் சத்தம் அம்மா. சூடே இல்லாமல். அழுத்தம் மிகவும் குறைந்தால் பச்சைத் தண்ணீரும் கொதித்துக் குமிழி விடும். அந்தக் குமிழிகள் இம்பெல்லரில் போய் நசுங்கும்போது கல் மாதிரி அடிக்கின்றன. கேவிடேஷன் என்பார்கள். தொடர்ந்து ஓடவிட்டால் இம்பெல்லரைப் புழு அரித்த மாதிரி ஆக்கிவிடும்.

உங்கள் அடுப்பிலும் இதே கதைதான். மூணாறு உயரத்தில் உலைத் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு விறகு வைத்தாலும் அதற்கு மேல் சூடாகாது, அதனால்தான் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக அத்தனை நேரம்.

ஒன்று சொல்ல ஆசை. 1648 செப்டம்பர் 19 அன்று பாஸ்கல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானியின் அக்கா கணவர் பெரியே, பிரான்சில் புய் தெ தோம் என்ற மலைக்குப் பாதரசக் குழாயோடு ஏறினார். உச்சியில் பாதரசம் சுமார் 8 சென்டிமீட்டர் இறங்கி நின்றது. காற்றுக்கு எடை உண்டு, உயரத்தில் அது குறைகிறது என்று அன்றைக்குக் கண்ணால் பார்த்தார்கள். அந்த மலை 1,465 மீட்டர். கிட்டத்தட்ட உங்கள் வீட்டு உயரம்தான் தம்பி. இத்தனை வருடம் வகுப்பில் சொன்ன பாடம் ஒரு கிணற்றடியில் நிற்பதைப் பார்க்க மனசு நிறைகிறது.

போடி மெக்கானிக்
சார், என் கண்ணைத் திறந்தீர்கள். தம்பி, 1.5 ஹெச்பி வேண்டவே வேண்டாம். தண்ணீர் வேகமாக ஓடினால் சக்‌ஷன் இழப்பு கூடும், பிரச்சினை இன்னும் மோசமாகும். மோட்டாரைக் கிணற்றுக்குள் ஆறடி இறக்கிப் பலகையில் வையுங்கள். தள்ளும் உயரம் ஆறடி கூடும், பரவாயில்லை. சக்‌ஷன் பைப்பை ஒன்றே கால் இஞ்சாக மாற்றுங்கள். காசு இருந்தால் சப்மெர்சிபிள் போடலாம், அது தண்ணீருக்குள்ளேயே இருந்து தள்ளுவதால் இந்தத் தொல்லையே இல்லை. எர்த்தும், மின் கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஈஎல்சிபியும் கட்டாயம். கிணற்றுக்குள் தனியாக இறங்காதீர்கள்.

லயத்துவீட்டான்
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மோட்டாரை ஆறடி இறக்கி, இரும்புச் சட்டத்தில் வைத்தோம். பைப்பும் மாற்றியாயிற்று, ஈஎல்சிபியும் போட்டாயிற்று. சரளைச் சத்தம் நின்றுவிட்டது. காலையில் ஒரே ஓட்டத்தில் தொட்டி நிரம்புகிறது. பணிக்கொடைப் பணம் அப்படியே இருக்கிறது. வாத்தியாருக்கும் மெக்கானிக் அண்ணனுக்கும் அம்மா நன்றி சொல்லச் சொன்னார்.

குமுளி ஏலம்
ஆடியில் கிணறு எவ்வளவு ஏறும் என்று கேட்டீர்களா? ஆறடியில் இருக்கும் மோட்டார் முழுகிவிடப் போகிறது.

லயத்துவீட்டான்
பக்கத்து வீட்டு அக்கா போன மழைக்கு மேலிருந்து மூன்றாவது உறை வரை ஏறியது என்றார். மோட்டார் நிற்பதும் அங்கேதான். வைகாசி கடைசியில் மேலே தூக்கிவிட வேண்டும், அப்போது தண்ணீரும் மேலே வந்திருக்கும். அதற்காகச் சட்டத்தில் சங்கிலி மாட்டிவிட்டோம். அப்பா அந்த உறையில் சுண்ணாம்பால் கோடு போட்டிருக்கிறார்.